மூலக்கடை பாய் கடையின் மே மாத ஆப்பிள்: தாராளமாக வாங்கலாம், மேசை மேல் மட்டும் வைக்காதீர்கள்

நேராக விஷயத்துக்கு வருகிறேன். மூலக்கடை சிக்னலைத் தாண்டி மாதவரம் போகிற வழியில், ஒரு பஞ்சர் கடைக்கும் மெடிக்கலுக்கும் நடுவில் பெயர்ப்பலகையே இல்லாத ஒரு பழக்கடை இருக்கிறது. கோடையில் ஆப்பிள் வாங்குவதென்றால் வடசென்னையில் நான் கைகாட்டுவது அந்தக் கடையைத்தான். தள்ளுவண்டியைவிட கிலோவுக்கு நாற்பது ஐம்பது ரூபாய் கூடத்தான் வைக்கிறார். கொடுக்கலாம். ஏன் கொடுக்கலாம் என்று சொல்வதற்குத்தான் இந்த நீளமான பதிவு. அவசரக்காரர்கள் நேராகக் கீழே போய்விடுங்கள், எப்போது போவது, எதை வாங்கக் கூடாது என்பதெல்லாம் அங்கே இருக்கிறது.

கடைக்காரரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். 2020 மே மாதம் கோயம்பேட்டில் கொரோனா பரவி, பழ வியாபாரத்தை மாதவரம் பஸ் ஸ்டாண்டுக்கு மாற்றினார்களே, அப்போது அங்கே பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவர். மார்க்கெட் கோயம்பேட்டுக்கே திரும்பிப் போனது, இவர் போகவில்லை, இங்கேயே ஒரு கடையைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். அதனால் பேச்சு இன்னும் மொத்த வியாபாரிப் பேச்சுதான், சரக்கைப் பற்றி மூடி மறைப்பதில்லை. ஒரு மே மாதம் நான் ஆப்பிளைக் கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவரே ஆரம்பித்தார்: "இன்னாக்கா அப்டி பாக்குறீங்க, அது போன வருசத்துக் காய்தான். சி.ஏ. மாலு. ஒண்ணு அறுத்துத் தரேன், துன்னு பாருங்க, அப்பால பேசலாம்."

பக்கத்தில் நின்றிருந்த அம்மா "போன வருசத்துதா!" என்று எடுத்த பழத்தையும் கூடையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். பாய் அலட்டிக்கொள்ளவே இல்லை. எனக்கு அந்த இடம்தான் பிடித்துப்போனது, ஏனென்றால் மே மாதம் சென்னையில் விற்கும் இந்திய ஆப்பிள் அநேகமாக எல்லாமே போன வருஷத்ததுதான். இமாச்சலத்தில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, காஷ்மீரில் பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில் பறித்து முடித்துவிடுவார்கள். ஏப்ரலில் அங்கே மரத்தில் இருப்பது பூ. நியூசிலாந்து, சிலி ஆப்பிள் என்றால் மட்டும் கணக்கு வேறு, அவர்களுக்கு அறுவடை பிப்ரவரி வாக்கில் தொடங்கும், கப்பலில் ஏறி நம் துறைமுகத்துக்கு வரும். மற்றபடி ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போகும்போது மே மாதத்தில் அரைக் கிலோ காஷ்மீர் ஆப்பிள் வாங்கிப் போனால், அதற்கும் வயது ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும். ஆகவே பழசா புதுசா என்று கேட்டுப் பிரயோசனம் இல்லை. பழசை எப்படி வைத்திருந்தார்கள் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற கடைக்காரர் எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் இவர் ஒருவர்தான்.

சி.ஏ. என்று அவர் சொல்வது கன்ட்ரோல்டு அட்மாஸ்பியர் கிடங்கு. பறித்த பிறகும் பழத்துக்கு உயிர் இருக்கிறது, அது மூச்சு விடுகிறது. ஆக்சிஜனை உள்ளே இழுத்து, தன்னிடம் உள்ள சர்க்கரையையும் புளிப்பையும் எரித்து, கரியமில வாயுவையும் தண்ணீரையும் சூட்டையும் வெளியே விடுகிறது. மரத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, இனி வரவு கிடையாது, செலவு மட்டும்தான். குளிரில் வைத்தால் அந்தச் செலவு குறையும், நம் வீட்டு ஃபிரிட்ஜ் செய்வது அதைத்தான். குளிரோடு சேர்த்து ஆக்சிஜனையும் குறைத்தால் இன்னும் குறையும். நாம் சுவாசிக்கிற காற்றில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட 21 சதவீதம். ஆப்பிள் வைக்கும் சி.ஏ. அறையில் 1 முதல் 3 சதவீதம். வெளிக்காற்றில் 0.04 சதவீதம் இருக்கிற கரியமில வாயுவை உள்ளே ஒன்றிரண்டு சதவீதம், ரகத்தைப் பொறுத்து 3 வரைகூட ஏற விடுகிறார்கள். வெப்பநிலை பூஜ்யம் டிகிரியை ஒட்டி. ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல், இல்லாவிட்டால் தோல் சுருங்கிவிடும்.

என் தம்பி மணலியில் ஒரு பிளான்ட்டில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறான், டேங்க் கழுவுவதற்கு முன்னால் கேஸ் மீட்டரை உள்ளே இறக்கிப் பார்ப்பது அவன் வேலையில் ஒரு பகுதி. அவனிடம் இதைச் சொன்னதும் சிரித்துவிட்டான். "அக்கா, எங்க மீட்டர் 19.5க்குக் கீழ எறங்குனாலே கத்த ஆரம்பிச்சிடும், நாங்க ஒருத்தரும் உள்ள கால் வெக்க மாட்டோம். ரெண்டு பர்சென்ட்டா? உள்ள போனா ரெண்டு மூச்சுல ஆள் காலி." நிஜம்தான். அந்த அறைகளை மூடிய பிறகு மனிதர் நடமாட்டமே கிடையாது. சுவர், கதவு எல்லாம் காற்றுப் புகாமல் அடைத்து, நைட்ரஜனைச் செலுத்தி உள்ளே இருக்கிற காற்றை வெளியேற்றுகிறார்கள், தம்பி பாஷையில் பர்ஜிங். நடுநடுவே பழம் எப்படி இருக்கிறது என்று பார்க்க சின்ன ஜன்னல் ஒன்று இருக்கும், அதன் வழியாக மாதிரிக்கு நாலு பழத்தை எடுத்துச் சோதிப்பார்கள். ஆப்பிள் விடுகிற கரியமில வாயு எல்லை மீறிப் போகாமல் இருக்க அதை உறிஞ்சும் இயந்திரம் தனியாக உண்டு, சுண்ணாம்பு மூட்டைகளை அடுக்கி வைத்துச் சமாளிப்பவர்களும் உண்டு. காஷ்மீரில் புல்வாமா மாவட்டத்து லஸ்ஸிபோராவில் இப்படிப்பட்ட கிடங்குகள் நிறைய இருக்கின்றன, இமாச்சலத்தில் சிம்லா மாவட்டத்திலும் இருக்கின்றன. பாய்க்கு வருகிற பெட்டிகள் காஷ்மீர்ப் பக்கத்தவை என்று சொல்கிறார்.

மூச்சு மெதுவாவதோடு விஷயம் முடிவதில்லை. எத்திலீன் என்று ஒரு வாயு, பழம் தானே உண்டாக்கிக்கொள்வது, இனிப் பழுக்கலாம் என்று பழத்துக்கு உத்தரவு போடுவது. ஒரு பழம் விட்டால் பக்கத்துப் பழமும் கேட்டுக்கொண்டு பழுக்கும். இந்த எத்திலீன் உருவாகும் கடைசிப் படிக்கு ஆக்சிஜன் வேண்டும், 1979-ல் ஆடம்ஸ், யாங் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இந்த வழியை வெளிக்கொண்டு வந்தார்கள். ஆக்சிஜன் இல்லையென்றால் அந்தப் படியிலேயே வேலை நின்றுவிடும், போதாததற்குக் கரியமில வாயு கூடியிருப்பது எத்திலீனின் உத்தரவையும் மழுங்கடிக்கும். அதனால்தான் வெறும் குளிர்கிடங்கில் மூன்று நாலு மாதத்தில், ரகம் நன்றாக இருந்தால் ஆறு மாதத்தில், தளர்ந்துவிடும் ஆப்பிள் இங்கே எட்டு, பத்து மாதம் தாக்குப்பிடிக்கிறது.

இது ஏதோ நேற்று வந்த கெமிக்கல் வேலை என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சித்தப்பா யாராவது அனுப்பினால் நம்பாதீர்கள். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பழம் பழுக்காது என்று பிரான்ஸின் மாம்பெல்லியே ஊர்க்காரர் பெரார் 1821-லேயே எழுதிவைத்துவிட்டார். அதற்குப் பிறகு நூறு வருஷம் வியாபாரிகள் யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. முதல் உலகப் போர் சமயத்தில் இங்கிலாந்துக்காரர்கள் சாப்பாட்டுப் பொருள் வீணாவதைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தபோது, கேம்பிரிட்ஜில் கிட், வெஸ்ட் என்ற இருவர் 1918 வாக்கில் இதைக் கையில் எடுத்தார்கள், 1929-ல் கென்ட் மாகாணத்தில் வியாபாரத்துக்கான முதல் கேஸ் கிடங்கு வந்தது. அதாவது நம் பழைய காய்கறி மார்க்கெட் கொத்தவால்சாவடி ஜார்ஜ் டவுனில் கொடிகட்டிப் பறந்த காலத்திலேயே அங்கே இது நடைமுறை.

சரி, தின்று பார்த்த கதைக்கு வருவோம்.

பாய் கொடுத்தது டெலிசியஸ் ரகம், அடிப்பக்கம் ஐந்து முடிச்சாக இருக்குமே, அது. தோல் இழுத்துக் கட்டினாற்போல் இருந்தது, காம்புக் குழியில் சுருக்கம் இல்லை. கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகவில்லை. கத்தி இறங்கும்போது "நறுக்"கென்று சத்தம் வந்தது, வெட்டிய முகத்தில் உடனே சாறு பொடிப்பொடியாகக் கசிந்தது. அந்தச் சாறுதான் எனக்கு அடையாளம். வெறும் குளிர்கிடங்கில் கிடந்து வந்த டெலிசியஸ் இருக்கிறதே, வேகவைத்து ஆறிப்போன உருளைக்கிழங்கு மாதிரி, பல்லில் மாவாக ஒட்டும், சாறு எங்கே போனதென்றே தெரியாது. சாறு எங்கேயும் போகவில்லை, உள்ளேதான் இருக்கிறது. பழத்தின் நுண்ணிய செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைக்கிற பசை கரைந்துவிட்டால், கடிக்கும்போது அந்தச் செல்கள் உடையாமல் தனித்தனியாக உருண்டு போய்விடும், சாறு வெளியே வருவதற்கு வழியில்லை. சி.ஏ. கிடங்கு இந்தத் தளர்ச்சியைத் தள்ளிப்போடுகிறது. பாய் கடைப் பழத்தில் மாவுத்தனம் துளிகூட இல்லை.

புளிப்பும் மிச்சம் இருந்தது. இது முக்கியம். பழைய ஆப்பிள் தித்திப்பாக இருக்கும் ஆனால் சப்பென்று இருக்கும் என்பதைக் கவனித்திருப்பீர்கள், புளிப்பு எரிந்து தீர்ந்ததால் வருவது அது. இங்கே நாக்கின் ஓரத்தில் லேசாகச் சுள்ளென்று பிடித்தது.

குறை வாசனையில். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் ஒன்றுமே இல்லை, வெட்டிய பிறகும் இல்லை. செப்டம்பர் கடைசியில் புதுக் காஷ்மீர்ப் பெட்டியைப் பிரித்தால் ஒரு மணம் குப்பென்று கிளம்புமே, அதில் கால்வாசிகூட இதில் கிடையாது. இதற்குப் பாயைக் குற்றம் சொல்ல முடியாது. ஆப்பிளின் மணம் எஸ்டர்கள் என்கிற சேர்மங்களால் வருவது, அவற்றைத் தயாரிக்கப் பழத்துக்கு ஆக்சிஜனும் வேண்டும், எத்திலீனின் தூண்டுதலும் வேண்டும். மாதக்கணக்கில் இரண்டையும் மறுத்துவிட்டு, வெளியே எடுத்ததும் மணக்கச் சொன்னால் எப்படி மணக்கும்? கொஞ்சம் திரும்புகிறது, முழுசாகத் திரும்புவதில்லை. ஆகவே என் மதிப்பெண்: மொறுமொறுப்புக்கு ஐந்துக்கு நாலரை, சுவைக்கு மூன்றரை, மணத்துக்கு ஒன்று. பச்சையாகத் தின்ன, சாலட்டில் போட, பள்ளிக்கூட டப்பாவில் வைக்க நல்ல பழம். பூஜைத் தட்டில் மணக்க வேண்டும் என்றால் வேறு பழம் பாருங்கள்.

ஒரு முறை ஃபியூஜி வாங்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். வெளியே பார்த்தால் அப்பழுக்கில்லாத பழம், கனமும் இருந்தது, வெட்டினால் நடுவில் விதைக்கூட்டைச் சுற்றி பழுப்பு, ஒரு ஓரத்தில் சின்னப் பொந்தும்கூட. பூச்சி இல்லை, அழுகலும் இல்லை, நாற்றமும் இல்லை. நான் அதைக் கொண்டுபோய்க் காட்டினதும் பாய் பேசாமல் வேறு ரெண்டு எடுத்துக் கொடுத்துவிட்டார், "ஃபியூஜில இது வருங்கா, வெளிய தெரியாது, எங்களுக்கும் அறுத்தாதான் தெரியும்" என்றார். சரியாகத்தான் சொல்கிறார். ஃபியூஜி, பிரேபர்ன் போன்ற ரகங்களுக்குக் கரியமில வாயு கொஞ்சம் கூடினாலும் ஆகாது, உள்ளே இப்படிப் பழுப்பேறிக் கருத்துப் பொந்து விழும். ஃபியூஜியில் தேன் கோர்த்தாற்போல் கண்ணாடித் திட்டு இருக்கிற பழத்தை நாம் விரும்பி வாங்குகிறோமே, அந்த நீர்க்கோர்வை உள்ள பழத்தை நாள்பட வைத்தால் இந்தச் சிக்கல் இன்னும் சுலபமாக வரும். ஒரே அறை, ஒரே வாயு அளவு எல்லா ஆப்பிளுக்கும் ஒத்துவராது என்பதுதான் விஷயம். கோடையில் ஃபியூஜியை நான் நாலைந்து சேர்த்து வாங்குவதில்லை, ஒன்று வாங்கி வீட்டில் வெட்டிப் பார்த்த பிறகுதான் மிச்சம்.

இப்போது தலைப்பில் சொன்ன மேசை. இந்தக் கடையின் உண்மையான பலம் ஆப்பிளில் இல்லை, அந்த ஆப்பிளை அவர் வைத்திருக்கும் முறையில் இருக்கிறது. அறையைத் திறந்து பழத்தை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்ததும் நின்றுபோயிருந்த எல்லாம் மறுபடி ஓட ஆரம்பிக்கும். கொஞ்ச நாள் பழைய மந்தம் இருக்கும், அப்புறம் மூச்சு ஏறும், எத்திலீன் கிளம்பும். காஷ்மீரிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர், லாரியில் வந்து சேருவதற்குள்ளேயே அந்த நல்ல நாட்களில் சில போய்விடுகின்றன. மிச்சம் இருப்பதை நம் ஊர் வெயிலில் தகர ஷீட்டுக்குக் கீழே பிரமிடு அடுக்கி வைத்தால், எட்டு மாதம் காப்பாற்றியதை ஒரு வாரத்தில் தொலைத்துவிடலாம். பாய் கடைக்குப் பின்னால் ஒரு பெரிய குளிர்பெட்டி வைத்திருக்கிறார், பெட்டிகள் அதற்குள்தான், அன்றைக்கு விற்கும் அளவுக்கு மட்டும் முன்னால் கூடையில் எடுத்து வைக்கிறார். கரண்ட் பில்லைப் பற்றி அவர் புலம்புவதைக் கேட்க வேண்டும். அந்தப் புலம்பலுக்குத்தான் நாம் நாற்பது ரூபாய் கூடக் கொடுக்கிறோம்.

வீட்டில் நான் செய்து பார்த்தது இவ்வளவுதான்: ஒரே கூடையில் எடுத்த பழங்களில் பாதியை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் பிளாஸ்டிக் பையில் லேசாக முடிந்து வைத்தேன், பாதியை ஹாலில் மேசை மேல் வைத்தேன். மேசைப் பழத்தின் தோலில் முதலில் ஒரு பிசுபிசுப்பு வந்தது, அப்புறம் அழுத்தினால் விரல் பதிந்தது, அந்த வாரம் முடிவதற்குள் மாவாகிவிட்டது. ஃபிரிட்ஜில் இருந்தது இரண்டு மூன்று வாரம் கழித்தும் சத்தத்தோடு வெட்டுப்பட்டது. பிசுபிசுப்பைப் பார்த்து எண்ணெய் தடவியிருக்கிறார்கள் என்று பயப்பட வேண்டாம், சில ரக ஆப்பிள் பழுக்கும்போது அதன் சொந்த மெழுகே அப்படி இளகும்.

மெழுகைப் பற்றிப் பேச்சு வந்ததால்: சுடுதண்ணீரில் போட்டு, கத்தியால் சுரண்டி, வெள்ளையாக வருகிறது பார் என்று வீடியோ போடுகிறார்கள். ஆப்பிளுக்கு இயற்கையிலேயே மெழுகு உண்டு, அதற்கு மேல் சில கம்பெனிகள் கார்னாபா, ஷெல்லாக் மாதிரி உணவுக்கு அனுமதிக்கப்பட்ட பூச்சு கொடுக்கின்றன, நீர் வற்றாமல் இருக்கவும் பளபளப்புக்கும். வேண்டாமென்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். அதற்கும் ஆக்சிஜன் குறைவான கிடங்குக்கும் சம்பந்தமில்லை. கிடங்கில் உள்ளே விடுவது நைட்ரஜன், நாம் சுவாசிக்கிற காற்றில் 78 சதவீதம் அதுதான், பழத்தில் எதுவும் தங்காது. இது போக எத்திலீன் பழத்தில் ஒட்டுகிற இடத்தை அடைத்துவிடும் 1-எம்சிபி என்ற வாயுவைச் சில இடங்களில் ஆரம்பத்திலேயே கொடுக்கிறார்கள், வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிஸ்லர், பிளாங்கென்ஷிப் இருவரும் கண்டுபிடித்தது, மிக மிகக் குறைந்த அளவு போதும். பாய் கடைப் பழத்துக்குக் கொடுத்திருந்தார்களா என்று பாய்க்கும் தெரியாது, பெட்டியிலும் போட்டிருக்கவில்லை. போட்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி. பறித்த மாதத்தையாவது ஸ்டிக்கரில் அடித்தால் என்ன குறைந்துவிடும்?

"அப்போ மாம்பழத்தையும் இப்படிப் பூட்டி வைத்து டிசம்பரில் விற்கலாமே" என்று என் மாமியார் கேட்டார், நல்ல கேள்வி. நடக்காது. ஆப்பிள் குளிர்நாட்டுப் பழம், பூஜ்யம் டிகிரியைத் தாங்கும். மாம்பழம் 12, 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் சாம்பல் பூத்து, குழி விழுந்து, பிறகு வெளியே எடுத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது. வாழையும் 13, 14 டிகிரி ஆள்தான். குளிரை இறக்க முடியாதபோது ஆக்சிஜனை மட்டும் இறக்கிப் பெரிய லாபம் இல்லை, மாம்பழத்துக்கு 3 முதல் 5 சதவீதத்துக்குக் கீழே போகவும் பயப்படுகிறார்கள், கிடைப்பது ஏதோ சில வாரம். கப்பலில் தூர தேசம் போகிற வாழைக்காய்க்கு அந்தச் சில வாரமே போதும், அதனால் கண்டெய்னருக்குள் இந்த வேலையைச் செய்கிறார்கள். எண்ணூர் பக்கம் ரோட்டில் வெள்ளையாகப் போகிறதே குளிர்கண்டெய்னர், அதில் சிலவற்றில் வாயு அளவைக் கட்டுப்படுத்தும் வசதியும் இருக்கும். பழுக்க வைக்கும் அறையில் நடப்பது இதற்கு நேர் எதிர். அங்கே எத்திலீனை உள்ளே விட்டு, 2016-லிருந்து நம் நாட்டில் 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) வரை அதற்கு அனுமதி, அடிக்கடி கதவைத் திறந்து காற்றோட்டம் கொடுப்பார்கள், ஏனென்றால் கரியமில வாயு சேர்ந்துவிட்டால் பழுப்பதே நின்றுவிடும். கார்பைடு கல் வைப்பதுதான் சட்டப்படி தடை செய்யப்பட்டது, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இதே வேலையை வீட்டிலேயே செய்து தருகிறோம் என்று விற்கிற பொருள் ஒன்றையும் கூடவே விமர்சனம் செய்துவிடுகிறேன். மூடியில் பம்ப் வைத்த டப்பா, நாலைந்து முறை அழுத்தினால் காற்று வெளியேறும், பழம் பல மடங்கு நாள் இருக்கும் என்று விளம்பரம். கம்பெனி பெயர் வேண்டாம், எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. திராட்சைக்குப் பரவாயில்லை, ஆனால் சாதாரண மூடி போட்ட டப்பாவில் வைத்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கொய்யாவை வைத்துச் சில நாள் கழித்துத் திறந்தேன், ஃபிரிட்ஜில்தான் இருந்தது, மூடியைத் தூக்கியதும் புளித்த கள் வாடை. கொய்யா பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது, வாயில் வைக்க முடியவில்லை.

காரணம் ரொம்ப நேரடியானது. மூச்சுக்கு ஆக்சிஜன் ஒரு அளவுக்குக் கீழே போனால் பழம் வேறு வழிக்குத் தாவும், சர்க்கரையை முழுசாக எரிக்காமல் பாதியில் நிறுத்தி அசிட்டால்டிஹைடாகவும் சாராயமாகவும் மாற்றிவிடும். அந்த எல்லை ஒவ்வொரு பழத்துக்கும் ஒவ்வொன்று, வெப்பம் ஏற ஏற எல்லையும் மேலே ஏறும். கிடங்கில் இதற்காகவே இரவு பகலாகக் கருவிகள் அளந்துகொண்டிருக்கின்றன. சில நாடுகளில் இன்னும் ஒரு படி மேலே போய்ப் பழத்தையே விசாரிக்கிறார்கள்: தோலில் உள்ள பச்சையத்தின் மீது ஒளி பாய்ச்சிக்கொண்டே ஆக்சிஜனைக் குறைப்பது, பழத்துக்கு மூச்சு முட்டினால் பச்சையம் திருப்பி விடும் ஒளி சட்டென்று மாறும், உடனே ஆக்சிஜனைக் கொஞ்சம் ஏற்றி அங்கே நிறுத்திக்கொள்வது. இப்படிச் செய்து அரை சதவீதம் வரைக்கும் இறக்குகிறார்கள். அறுநூறு ரூபாய் டப்பாவில் அளக்கிற கருவியும் கிடையாது, சேர்கிற கரியமில வாயுவை எடுக்கிற வழியும் கிடையாது. உள்ளே இருக்கிற கொய்யா மிச்சக் காற்றையும் இழுத்து முடித்துவிட்டுத் தவிக்க வேண்டியதுதான். வறுத்த முந்திரி, பிஸ்கட் வைக்க அந்த டப்பா அருமை, உயிருள்ள பழத்துக்கு வேண்டாம். பழத்துக்கு நாலு ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பையே மேல்.

பாய் கடைக்கு இரண்டு குறைகள் எழுத வேண்டும். ஒன்று, கிவியை ஆப்பிள் கூடைக்குப் பக்கத்திலேயே வைக்கிறார். கிவிக்கு எத்திலீன் துளி பட்டால் போதும், குழைந்துவிடும். சொல்லியும் பார்த்துவிட்டேன், "எடம் எங்கக்கா இருக்கு" என்கிறார். அதனால் கிவியை அவர் கடையில் வாங்காதீர்கள், அல்லது அப்போதுதான் பிரித்த பெட்டியிலிருந்து கேட்டு வாங்குங்கள். வீட்டிலும் கிவியையும் ஆப்பிளையும் ஒரே தட்டில் போடாதீர்கள். இரண்டு, பில் தருவதில்லை, தராசு நம் பக்கம் திரும்பியிருப்பதால் எடையில் சந்தேகம் வந்ததில்லை, ஆனாலும் பில் பில்தான். ஜிபே உண்டு. கிரீன் ஆப்பிளில் தோல் மேல் தீப்பட்டது மாதிரி பழுப்புத் திட்டு இருந்தால் எடுக்காதீர்கள், கிடங்கில் நாள்பட்டதால் வரும் தோல் கோளாறு அது, சி.ஏ.வில் வைத்ததில் குறைவாக வரும், ஆகவே திட்டு நிறைய இருந்தால் அது எங்கிருந்து வந்த பெட்டி என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உள்ளே தின்னலாம், ஆனால் முழு விலை கொடுக்க வேண்டியதில்லை.

வாங்கும்போது காம்புக் குழியைப் பாருங்கள், சுருக்கம் இருந்தால் வேண்டாம். கையில் கனம் தெரிய வேண்டும். ஒன்றை அறுத்துக் காட்டச் சொன்னால் பாய் முகம் சுளிக்க மாட்டார், கூட்டம் இல்லாத நேரமாக இருந்தால். லோடு வருவது வாரத்தில் இரண்டு நாள், எந்தக் கிழமை என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், மாறிக்கொண்டே இருக்கிறது, காலை ஏழு ஏழரைக்குப் பெட்டி பிரிப்பார், அந்த நேரம்தான் சரி. ஞாயிறு சாயங்காலம் போகாதீர்கள், கண்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவில் வண்டி நிறுத்த இடமே கிடைக்காது, கிடைத்தாலும் கூடையில் இருப்பது மற்றவர்கள் அமுக்கிப் பார்த்து வைத்த மிச்சம். ஆகஸ்டில் இமாச்சலத்துப் புதுக் காய் இறங்க ஆரம்பித்ததும் சி.ஏ. பெட்டியை அவரே நிறுத்திவிடுவார், அப்போது விலையும் இறங்கும், யாரிடம் வேண்டுமானாலும் வாங்கலாம், தள்ளுவண்டியிலும்தான்.